ஒன்று முதல் பன்னிரண்டு வரை

என் அண்ணி அமுதம் நெட்டப்பாக்கத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் ஷெட் வைத்திருக்கிறார். உள்ளே பன்னிரண்டு இன்குபேட்டர்கள். நாங்கள் பெட்டி என்போம். கணினியில் அவற்றின் பெயர் பெட்டி-01 முதல் பெட்டி-12 வரை. சூடு எவ்வளவு, ஃபேன் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து உத்தரவு போகும்படி கணினிக் கோடு எழுதிக் கொடுத்தது நான். கம்பெனியில் நானூறு சர்வர்களை இப்படித்தான் மேய்க்கிறேன் என்ற திமிர் எனக்கு.

பழைய கோடில் பன்னிரண்டு பெயர்களையும் கையால் எழுதியிருந்தேன். அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை காலை அதை அழித்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை நீயே பெயர் போட்டுக்கொள் என்று ஒரே வரியாக்கினேன். முட்டை உள்ள பெட்டியில் விளையாடக் கூடாது என்று, காலியாக இருந்த 10, 11, 12-இல் மட்டும் சோதித்தேன். மூன்றும் சொன்னபடி கேட்டன. ஒன்பது மணிக்கு எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டு, ஆதார் திருத்த வில்லியனூருக்கு பஸ் ஏறினேன்.

திரும்பும்போது மணி ஒன்று. பஸ் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அண்ணி போன் செய்தார்.

"வெண்ணிலா, ஒன்னாம் நம்பர் பொட்டில ஃபேன் சுத்தற மாதிரியே தெர்ல. இன்னான்னு பாரும்மா."

போனில் பார்த்தேன். பச்சை எழுத்தில் 'பிழை இல்லை'. அதன் கீழே பட்டியல்: பெட்டி-1, பெட்டி-2, பெட்டி-3. எண்ணாகக் கொடுத்ததால் முன்னாலிருந்த பூச்சியம் உதிர்ந்துவிட்டது. பெட்டி-1 என்று ஷெட்டில் எதுவும் கிடையாது. பட்டியலில் இல்லாத பெட்டியை நிறுத்து, அதன் அலாரத்தையும் எடுத்துவிடு என்று முன்பே எழுதி வைத்த புத்திசாலியும் நான்தான். இரண்டு இலக்கமாக எழுது என்று கூடவே சொல்லியிருந்தால் போதும். சோதித்த மூன்று பெட்டிக்கும் அந்தப் பூச்சியமே தேவையில்லை. என் ஜாக்கிரதையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மீதி ஒன்பதிலும் இருபதாம் நாள் முட்டை. விடிந்தால் குஞ்சு. அந்த நேரத்தில் முட்டைகளே சூடு கக்கும். ஃபேன் நின்றால் உள்ளேயே வெந்துவிடும்.

"அண்ணி, எல்லாக் கதவையும் தொறங்க!"

"கடைசி மூணு நாளு தொறக்கவே கூடாதுன்னு நீதான சொன்ன?"

"இப்ப தொறங்க அண்ணி!"

ஒன்பது பெட்டியையும் கையாலேயே ஓட விடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் ஆகக்கூடியது எதுவுமில்லை. கேட் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லா ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தார். சில முட்டைகளில் அலகு ஓட்டை உடைத்து வெளியே நீட்டியபடி நின்றுவிட்டிருந்தது. நானும் ஒரு தட்டை இழுத்து வைத்துக்கொண்டேன். எதிலும் சத்தமில்லை.

"எத்தினி மணிக்கும்மா நின்னுச்சு?" என்றார்.

"ஒம்போதுக்கு, அண்ணி."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் பத்து மணிக்கு வந்தன். ஃபேன் சத்தம் கம்மியா இருந்துச்சா, உள்ள கத்தறது நல்லா கேட்டுச்சு. அப்பிடி கத்துச்சுங்க வெண்ணிலா. பொறக்கப் போற குஷில கத்துதுங்கன்னு நெனச்சி, கதவாண்ட நின்னு கேட்டுனே இருந்தன்."