காணாமல் போக வேண்டிய வரி

வரி இன்னும் இருந்தது. ஆற்றங்கரைத் தெரு, பச்சைக் கதவு வீடு, ஆண், நெஞ்சுவலி. திரையின் கடைசியில், ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இருக்கு எஜே," என்றாள் மீரிம்.

அக்கா முறையில் எல்லோரும் எஜே என்று கூப்பிடும் துர்சுனை திரையை எட்டிப் பார்த்தாள். மடியில் கிடந்த குல்லாயின் ரோமத்தை நீவிக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு மேல்மாடியில் அவள் மேல் விசாரணை. அதற்குள் இந்த வரி காணாமல் போயாக வேண்டும். போனால் அவள் பிழைத்தாள்.

நாரின் மலையூர் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் தலை நரைக்கிற வரைக்கும் போன் எடுத்தவள் துர்சுனை. போன மாதம் ஒரு ராத்திரி, புருஷனுக்கு நெஞ்சுவலி என்று ஒரு பெண் அலறினாள். இவள் விலாசத்தைத் தட்டினாள், திரை 'பதிவானது' என்றது, அடுத்த மூச்சில் ஊரே இருண்டது. கரண்ட் வந்ததும் எல்லாப் போனும் சேர்ந்து அலறின. 'பதிவானது' என்று கண்ணால் பார்த்ததை மறுபடி எவள் தேடுவாள்? ஆனால் கம்ப்யூட்டரில் அந்த அழைப்பு இல்லை. டிரைவர் அறைக்குத் தகவல் போகவில்லை, வண்டி கிளம்பவில்லை, விடிவதற்குள் அந்த மனுஷன் செத்துப்போனான். போன் வந்தது நிஜம்தான் என்று போன் கம்பெனி சொல்லிவிட்டது. அப்புறம் என்ன? எடுத்தவள் எழுதவில்லை என்று முடிவு கட்டப் பெரிய மூளையா வேண்டும்?

மீரிம், மாவட்ட சுகாதாரத் துறைக்கு வாய்த்த ஒரே கம்ப்யூட்டர் ஆள். மெஷின் மந்தமோ என்று பார்க்க விசாரணைக் கமிட்டி அவளுக்குக் கொடுத்த வேலை சாதாரணமானது. ஆம்புலன்ஸ் சர்வருக்கு அச்சு அசலான ஜோடி ஒன்று தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு வாடகை சர்வர் கூடத்தில் சும்மா கிடந்தது. அதை இங்கிருந்தே சோதனைக்குத் தயார் செய்து, டிஸ்க்கில் எழுதும் முறையை, அதாவது ஃபைல் சிஸ்டத்தை, எப்படி எப்படி அமைத்தால் எவ்வளவு வேகம் வரும் என்று அளந்து சொல்ல வேண்டும். அளந்தாள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புதான் மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. மெஷினை விற்ற கம்பெனி போட்டுக்கொடுத்த அமைப்பு அது. அத்தனை வேகம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. சமையல்கட்டுக்குச் சொல்வதற்கு முன்னாலேயே 'ஆச்சு, வந்துட்டே இருக்கு' என்பானே சாப்பாட்டுக்கடைப் பையன், அவனைப் போலத்தான் அந்த டிஸ்க். வந்ததை, கரண்ட் போனால் மறந்துவிடும் தன் சின்ன ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே சுழலும் காந்தத் தட்டில் எழுதாமலே 'எழுதிட்டேன்' என்கிறது. இந்த அமைப்பு அதை அப்படியே நம்பிவிடுகிறது. நம்பாமல் காத்திருக்கச் சொல்லும் அமைப்பும் உண்டு. ஆனால் மெதுவானது.

இதை நிரூபிக்க, ஒரு வரியை எழுதவைத்து, அந்தக் கணமே மெஷினைச் சாகடிக்க வேண்டும். இங்கே ஓடுகிற மெஷின்மேல் கைவைக்க முடியாது, ஊர் அதை நம்பி இருக்கிறது. கணவாயைப் பனி மூடிவிட்டதால் பிஷ்கெக் போகவும் வழியில்லை. அதனால் அன்றைய ராத்திரிக்குச் சமமான சுமையைச் சோதனை மெஷினில் ஓடவிட்டு, துர்சுனையையே விலாசத்தைத் தட்டச் சொல்லி, 'பதிவானது' வந்ததும் தொலைவிலிருந்தே மறுதொடக்கப் பொத்தானை அமுக்கினாள். இரண்டு தடவை. இரண்டு தடவையும் வரி பத்திரமாகத் திரும்பி வந்தது.

"விடு பொண்ணே," என்றாள் துர்சுனை. "நான் எழுதலை போலிருக்கு."

"என்ன பேச்சு எஜே இது?"

"உனக்கென்ன தெரியும்? ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு யோசிக்கிறேன். தட்டினேனா, தட்டினதா நினைச்சுக்கிட்டேனான்னு. முதல்ல சத்தியமே பண்ணுவேன். இப்பப் பண்ண மாட்டேன். அந்தப் பொண்ணு கடைத்தெருவுல என்னைப் பார்க்கறா. திட்டினாக்கூடப் பரவாயில்லை. சும்மா பார்க்கறா."

மீரிம் பேச்சை மாற்றுவதற்காகவே டிஸ்க்கின் சொந்தக் கணக்கைத் திறந்தாள். தனக்கு எத்தனை தடவை கரண்ட் போய் வந்தது என்று ஒவ்வொரு டிஸ்க்கும் எண்ணி வைத்திருக்கும். அந்த எண் காலையில் பார்த்தபடியே இருந்தது. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"எஜே, நான் ஒரு முட்டாள்! மெஷின்தான் செத்தது, டிஸ்க் சாகலை. அதுக்குக் கரண்ட் போகவே இல்லை. பாக்கியை நிதானமா எழுதி முடிச்சிருக்கு."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"வயரைப் பிடுங்கணும். கையால."

பிஷ்கெக் கூடத்துக்குப் போன் போட்டாள். அங்கே பணியில் இருந்தவன் ஜமீர்பெக், எதையோ மென்றுகொண்டே பேசினான்.

"வயரையா? பிடுங்கிட்டா எங்க முதலாளி என்னைப் பிடுங்கிடுவான் தங்கச்சி. எழுத்துல கொடு."

"மெயில் அனுப்பிட்டேன் பைகே, துறை முத்திரையோட," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் மீரிம். "பின்பக்கம் ரெண்டு வயர் இருக்கும். ரெண்டையும் ஒண்ணாப் பிடுங்கணும். நான் சொன்ன உடனே."

"சரி சரி, கத்தாதே."

துர்சுனை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி விலாசத்தைத் தட்டினாள். ஆற்றங்கரைத் தெரு. பச்சைக் கதவு. பதிவானது.

"பிடுங்குங்க!"

சோதனை மெஷினோடு தொடர்பு அறுந்தது. ஜமீர்பெக் வயர்களைத் திரும்பச் செருகினான். மெஷின் எழுந்துவர ஒரு யுகமானது. வந்ததும் இருவரும் திரைமேல் விழுந்து பார்த்தார்கள்.

இருந்தது.

துர்சுனை எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "போய்க் கையெழுத்துப் போட்டுடறேன். 'எழுதலை, என் தப்பு'ன்னு. வயசாச்சும்பாங்க, விட்டுடுவாங்க."

"உக்காருங்க எஜே!" மீரிம் அதட்டிய அதட்டலில் அவளே திடுக்கிட்டாள். மெஷின் தன் கடைசி நிமிஷத்தைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்பை மேலிருந்து கீழே படித்தாள். கரண்ட் அறுந்த மெஷின் பாதி வரியில் வாயை மூடியிருக்க வேண்டும். இதுவோ ஒவ்வொரு சேவையாக நிறுத்தி, பாக்கியையெல்லாம் எழுதி டிஸ்க்கை விடுவித்து, விடைபெற்று மரியாதையாகப் போயிருந்தது.

போனை எடுத்தாள். "பைகே, வயருக்கு முன்னாடி முன்பக்கப் பட்டனை அமுக்கினீங்களா?"

"பின்னே? ஓடுற மெஷினை அப்படியே பிடுங்கக் கை வருமா? பட்டனைத் தட்டி, அணையட்டும்னு பார்த்துட்டுத்தான் பிடுங்கினேன். வேலையில சேர்ந்த நாளா அப்படித்தான் பழக்கம்."

"ஐயோ பைகே!"

"திட்டாதே தங்கச்சி. நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

மீரிமுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் துர்சுனை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தம்பி, நான் ஆம்புலன்ஸ்ல போன் எடுக்கிறவ. நான் எழுதி வச்ச விலாசம் இருட்டுல தொலைஞ்சு ஒரு மனுஷன் செத்துட்டான். உண்மையிலேயே எழுதினேனான்னு நான் தெரிஞ்சுக்கணும். அன்னிக்குக் கரண்டுக்காரன் எங்ககிட்ட மரியாதையாச் சொல்லிட்டா போனான்? நீயும் சொல்லாதே. பாவம் பார்க்காதே. பிடுங்கு."

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது. "சரி எஜே," என்றான், சின்னக் குரலில்.

மீரிம் சுமையை மறுபடி ஓடவிட்டாள். துர்சுனை கோட்டோடு உட்கார்ந்து தட்டினாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். பதிவானது.

"பிடுங்கு!" என்று கத்தியதும் அவள்தான்.

திரை உறைந்தது. மேல்மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஜமீர்பெக் வயரைச் செருகிவிட்டான், விளக்கு எரிகிறது என்றான். மெஷின் முக்கி முனகி எழுந்தது, புண்பட்ட இடத்தையெல்லாம் தானே தடவிப் பார்த்துச் சரிசெய்தது, கடைசியில் பட்டியலைக் காட்டியது. மீரிம் ஒருமுறை படித்தாள். மேலிருந்து மறுபடி படித்தாள்.

"இல்லை," என்றாள். "எஜே, இல்லை! 'பதிவானது'ன்னு சொல்லிட்டு முழுங்கிடுச்சு!"

"இல்லையா?" போனில் ஜமீர்பெக் பதறினான். "அழிஞ்சிடுச்சா? நான் அப்பவே சொன்னேன்ல, அப்படிப் பிடுங்கக் கூடாதுன்னு!"

"அழிஞ்சிடுச்சு தம்பி," என்றாள் துர்சுனை. "நீ பிள்ளைகுட்டியோட நூறு வருஷம் நல்லா இருக்கணும்." அதற்குமேல் அவளால் முடியவில்லை. குல்லாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எழுதினேன், நான் எழுதினேன்டி," என்று தோள் குலுங்க அழுதாள். மீரிம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கதவு தட்டப்பட்டது. கமிட்டி கூப்பிடுவதாகப் பியூன் சொல்லிவிட்டுப் போனான். துர்சுனை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், மீரிம் மடிக்கணினியை மூடினாள். அப்போது பக்கத்து அறையில் போன் அடித்தது. பணியில் இருந்த பெண் எடுத்தாள். விலாசம் கேட்டாள், தட்டினாள். "பதிவாயிடுச்சும்மா, வண்டி வந்துடும்," என்றாள்.

துர்சுனை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அந்த மெஷின் எப்படி ஓடுது?"

"அதே அமைப்புதான் எஜே." மீரிமுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"ஓடும்போதே மாத்தலாம், ரெண்டு கட்டளைதான். ஆனா கமிட்டி பார்க்கறதுக்கு முன்னாடி அதைத் தொட்டா, சாட்சியைக் கலைச்சுட்டோம்பாங்க. உங்களுக்காகத்தான் மாத்தினேன்பாங்க. நம்ப மாட்டாங்க எஜே. இவ்வளவு பாடுபட்டதும் வீணாப் போயிடும். முதல்ல மேலே போய்க் காட்டிடலாம்."

"பேசி முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"சாயங்காலம் ஆயிடும்."

ஜன்னலுக்கு வெளியே கம்பிகள்மேல் பனி தடிமனாகப் படிந்திருந்தது. துர்சுனை அதைப் பார்த்தாள். திரும்பி வந்து கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாத்து."

"அவங்க நம்பாட்டி?"

"நம்பாட்டிப் போறாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மீரிம் மடிக்கணினியைத் திறந்தாள். பியூன் மறுபடி வந்து கதவைத் தட்டினான். "கொஞ்சம் இருப்பா, வேலை நடக்குது," என்றாள் துர்சுனை.