பாட்டிலில் இருந்தது என் குளத்துத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பாட்டில் தண்ணீரிலிருந்து வந்தது. பாட்டில் பக்கத்து வீட்டு ரொசேருடையது. தண்ணீர் என்னுடையது. ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நிம்மதியாகப் பொய் சொல்லலாம். கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘லவால் நகரத்துக் கொல்லைப்புறங்களில் வசந்தம் நீலமாக இறங்கிக்கொண்டிருந்த அந்த—’

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரான லவாலில் வசந்தம் நீலமாக இறங்குவதில்லை. பச்சையாக இறங்குகிறது, நாற்றத்தோடு. அக்டோபரில் தார்ப்பாய் போட்டு மூடிய நீச்சல்குளத்தை மே மாதம் திறந்தால், ஆறு மாதம் ஊறிய மேப்பிள் இலைகள், தலைப்பிரட்டைகள், யாரும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத ஒரு செருப்பு, சில வருடங்களில் ஓர் அணில்.

இரண்டாவது தொடக்கம்: ‘தண்ணீர் என்பது நினைவு.’

இதை எழுதியவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீச்சல்குளம் வைத்திருப்பவனுக்குத் தண்ணீர் என்பது வேலை. தினமும் வலைபோட்டு அள்ள வேண்டும், வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும், மழை பெய்தால் மருந்து போட வேண்டும், வெயில் அடித்தாலும் போட வேண்டும். குளிக்க நேரம் இருக்காது. எனக்கு நீந்தவும் தெரியாது. வீடு வாங்கினேன், குளம் கூடவே வந்தது.

2

ரொசேர் பிலோனுக்கு எழுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவருடைய குளத்தை எண்பத்தெட்டாம் வருடம் வாடகைக்கு எடுத்த இயந்திரத்தை வைத்து அவரே தோண்டினார். அன்று கழிவுநீர்க் குழாயை உடைத்து, இரண்டு நாள் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள். அவர் சொல்லும்போது அந்தக் குழாய் வராது.

போன இலையுதிர்காலத்தில் அவர் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஏப்ரலில் பனி உருகியதும் அவர் மனைவி யுகெட், தார்ப்பாய்மேல் தேங்கிய தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

“மண்ணப் போட்டு மூடிடுவோம் ரொசேர். தக்காளி வைக்கலாம்.”

“தக்காளியில எப்படிக் குதிக்கிறது?”

“நீ கடைசியா எப்பக் குதிச்ச?”

“அது வேற விஷயம்.”

“குனியாத, தூக்காதன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நாள் பூரா அந்தக் குழியில குனிஞ்சுகிட்டுதான நிக்கிற?”

“குழியா? யுகெட், அது குழியா?”

(இந்த இடத்தில் ரொசேரின் குரல் உடைந்தது என்று எழுதியிருந்தேன். உடையவில்லை. இருமினார்.)

கடைசியில் யுகெட் ஒரு கெடு வைத்தார். ஜூன் இருபத்துநாலு, சென் ழான் திருநாள். குடும்பம் முழுக்க வரும். அதற்குள் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று நீச்சல்குளக் கடையில் சீட்டு வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் மறுவாரம் லாரியில் மண் வரும்.

3

நீச்சல்குளக் கடையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதினேன், மூன்று பக்கம், கிழித்துவிட்டேன். மிஞ்சியது இது: சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர் ஆண்கள் தங்கள் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் மொண்டுகொண்டு அந்தக் கடையில் வரிசையில் நிற்பார்கள். முழங்கை ஆழத்தில் மொள்ள வேண்டும், மேல்தண்ணீர் ஆகாது. கவுண்ட்டரில் இருக்கும் பெண் அதை ஓர் இயந்திரத்தில் ஊற்றி, என்ன குறை, என்ன போட வேண்டும் என்று சீட்டு அடித்துத் தருவாள். தண்ணீர் தெளிவாக இருப்பவன் பாட்டிலைக் கையில் பிடித்து நிற்பான். கலங்கலாக இருப்பவன் காகிதப் பைக்குள் வைத்திருப்பான். யாரும் யார் பையையும் பார்க்கமாட்டார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

யுகெட்டின் அண்ணன் நொர்மான், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ரகம்.

ஜூன் முதல் சனிக்கிழமை ரொசேர் வேலியருகே வந்தார். அவர் குளம் பட்டாணி சூப் நிறத்தில் இருந்தது.

“ஏம்ப்பா, உன் தண்ணி கொஞ்சம் குடு.”

“குடிக்கவா?”

“கடைக்கு.”

“உங்க தண்ணி?”

“அது இன்னும் தயாராகல. இன்னும் ஒரு வாரத்துல ஆயிடும். சீட்ட முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டா என்ன தப்பு? நொர்மான் அங்க நிப்பான். அவன் எதிர்ல இந்தப் பச்சையத் தூக்கிக்கிட்டு நிக்கச் சொல்றியா?”

பழைய பிரதியில் தண்ணீர் கொடுப்பவனாக என்னை வைக்கவில்லை. மனைவியை இழந்த அன்செல்மு என்றொரு போர்த்துக்கீசியரை உண்டாக்கியிருந்தேன். நல்ல மனிதர். என்னைவிட நல்லவராக அமைந்துவிட்டதால் தண்ணீர் கொடுக்க மறுத்துவிட்டார். கதை அப்படியே நின்றது. அன்செல்முவை நீக்கினேன்.

நான் முழங்கை ஆழத்தில் மொண்டு கொடுத்தேன்.

4

கடையில் நடந்தபோது நான் இல்லை. நொர்மான் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

கவுண்ட்டர் பெண் சீட்டைப் பார்த்தாள். “எல்லாம் கச்சிதமா இருக்கு ஐயா. உப்பு மூவாயிரத்து இருநூறு. ஆனா உங்க பேர்ல குளோரின் குளம்னுல்ல பதிஞ்சிருக்கு? உப்பு முறைக்கு மாறிட்டீங்களா?”*

* இங்கே கதையை நிறுத்தி ஒரு வார்த்தை. என் குளம் உப்புக் குளம். பழைய வீட்டுக்காரர் ஒரு பெட்டி மாட்டிவைத்திருந்தார். தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால் அந்தப் பெட்டியே குளோரின் செய்துகொள்ளும். ரொசேருக்கு இது தெரியும். பதினொரு வருடமாக வேலிக்கு மேல் என்னைக் கேலி செய்கிறவரே அவர்தான். எனக்கும் தெரியும். மொண்டபோது இருவருக்கும் நினைவில்லை. நான் கற்பனை செய்திருந்தால் இதைவிடப் புத்திசாலித்தனமான தவறாக வைத்திருப்பேன்.

“உப்பா?” என்றார் வரிசையில் பின்னால் நின்ற நொர்மான். “மச்சான், நீயா? உப்புத் தண்ணி வேணும்னா கடலுக்குப் போடான்னு முப்பது வருஷமா எங்கள ஓட்டினியே!”

ரொசேர் திரும்பிப் பார்த்தார். வரிசை முழுக்கப் பார்த்தது.

“ஆமா. மாறிட்டேன்,” என்றார்.

5

யுகெட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கதைக்கு இவ்வளவு வசதியான பாத்திரம் கிடைத்தால் வாசகர் நம்பமாட்டார். என்ன செய்வது, அவர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ரொசேர் வீடு வந்து சேர்வதற்குள் நொர்மான் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் ரோஜாச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ரோஜாச்செடி கிடையாது.

“உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?”

“வேர்வையா இருக்கும்.”

“ரொசேர். சர்க்கரைய மறைக்கத் தம்பியோட மூத்திரத்தக் கொண்டாந்தான் ஒருத்தன். தம்பிக்கு அவனவிட ரெண்டு மடங்கு. அவன் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு.”

“தபர்நாக்!* நான் பொய் சொல்றேங்கிறியா? மாறிட்டேன்னா மாறிட்டேன்.”

“அந்தப் பெட்டி எங்க?”

“வருது.”

“சரி. வர்ற சனிக்கிழம நானே மொண்டுக்கிட்டுப் போறேன். உன் உப்ப நானும் பாக்குறேன்.”

* எங்கள் ஊரில் ஆத்திரம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்வார்கள். இது பீடத்தின் மேலே இருக்கும் பேழை. பெரிய ஆத்திரத்துக்குத்தான் எடுப்பார்கள்.

6

இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்று மூன்று முடிவுகள் தயார் செய்தேன்.

முதல் முடிவு: யுகெட் சிரிக்கிறார். ரொசேரும் சிரிக்கிறார். திருநாளன்று குடும்பமே குளத்தில் குதிக்கிறது, நொர்மான் வழுக்கி விழுகிறார். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

இரண்டாம் முடிவு: லாரி வருகிறது. ஆகஸ்டில் தக்காளிச் செடிகளுக்கு நடுவே ரொசேர் நீச்சல் உடையில் நிற்கிறார். விருதுக் குழுக்களுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது முடிவில் அன்செல்மு திரும்பி வந்து எல்லோருக்கும் அறிவுரை—

வேண்டாம்.

உண்மையில் நடந்தது இந்த மூன்றிலும் இல்லை. சொன்ன பொய்யை மெய்யாக்க ரொசேர் புறப்பட்டார். திங்கட்கிழமை காலை யுகெட் நகராட்சிக் குளத்துக்கு நீர்ப்பயிற்சிக்குப் போயிருந்த நேரம், ரொசேரின் கார் நிறைய உப்பு மூட்டைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் இருபது கிலோ. (பெட்டி இல்லாமல் உப்பை மட்டும் கொட்டினால் குளம் சுத்தமாகாது. பச்சைக் கடல் ஆகும். அவருக்கு வேண்டியது சீட்டில் ஓர் எண்.)

நான் சமையலறைச் சன்னலில் காபியோடு நின்றேன். முதல் மூட்டையைத் தோளில் தூக்கிவந்தார். இரண்டாவதை மார்போடு அணைத்துவந்தார். மூன்றாவதை இழுத்துவந்தார். நான்காவதின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வலது கை சட்டைக்குள் போனது. இடது கை புல்லைப் பிடித்துக்கொண்டது. முகம் மெழுகுபோல இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், என் காபி ஆறிப்போனது. நான் கதவைத் திறந்து வேலிவரை ஓடினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

“ஆம்புலன்ஸ கூப்பிடவா?”

“முட்டி வலி.”

“முட்டி அங்கயா இருக்கு?”

“அவகிட்ட சொன்னா குளம் போச்சுப்பா. குளம் போனா நான் காலையில எந்திரிச்சு என்னத்தப் பாக்குறது? தக்காளியவா?”

மீதி மூட்டைகளை நான் தூக்கிக் கொட்டினேன். அது உதவியா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

7

இன்று காலை யுகெட் வேலியருகே வந்தார். கையில் காலி உப்புப் பை.

“பாட்டில்ல இருந்தது யார் தண்ணின்னு தெரியும். அத விடு. ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி. நான் அதக் கேக்க வரல.”

“சொல்லுங்க.”

“இத அவன்தான் தூக்கினானா?”

“நானும் கொஞ்சம்...”

“அவன் தூக்கினப்ப எப்படி இருந்தான்? உன் சன்னல்லேர்ந்து எல்லாம் தெரியும். எத்தனையோ தடவ உன்னப் பாத்துருக்கேன். அவன்கிட்ட கேட்டா முட்டின்னு சொல்லுவான். நெஞ்சப் பிடிச்சானா?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பொய் சொல்றதுன்னா இப்பச் சொல்லாத. உள்ள போய் யோசிச்சுட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன். ஆஸ்பத்திரியில அவன் டாக்டருக்கு நாலு மணி வரைக்கும் போன் பண்ணலாம்.”

உள்ளே வந்தேன். யோசிப்பதற்குப் பதிலாக இதை எழுதினேன். எழுதுகிறவர்கள் இதற்குக் ‘கலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது மூன்றேகால். யுகெட் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அவருக்குப் பின்னால் ரொசேர் வலைபோட்டு, பச்சைத் தண்ணீரிலிருந்து ஒவ்வோர் இலையாக, அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார். சன்னலைப் பார்த்து ஒருமுறை கையசைத்தார்.

நான் பார்த்ததை ஒன்றுவிடாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். தமிழில் சொல்லியிருக்கிறேன், யுகெட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆக, திங்கட்கிழமை நடந்தது இப்போது மூன்று பேருக்குத் தெரியும்: ரொசேருக்கு, எனக்கு, உங்களுக்கு.

முதல் இருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை.