கண்ணாடிக்கடைக்காரர் கொடுத்த பெனால்டி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு விசிலை ஊதித் தன் கடைக்குத் தானே பூட்டுப் போடப் பார்த்த மனிதரின் கதையைச் சொல்லப்போகிறேன்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேரின் மூக்கில் உட்கார்ந்திருப்பது அவர் கொடுத்த கண்ணாடிதான். ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக்கும் அவர்தான் நடுவர். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிப்பவர், அவரைவிடப் பார்வை யாருக்கு இருக்கும் என்று எல்லாரும் கூடி எடுத்த முடிவு அது. கோட்டோரம் கொடியோடு ஓடுகிறவள் அவர் மனைவி. கடையில் ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்குவதும் அவளே.

அன்றைக்கு ரொட்டிக்கூடத்து அணிக்கும் சலவைக்கூடத்து அணிக்கும் இறுதி ஆட்டம். ஆளுக்கு ஒரு கோல். முடிய மூன்று நிமிடம்தான். தூறல் வேறு. கண்ணாடியில் ஒரு சொட்டு நின்றாலும் அவருக்குப் பொறுக்காது, தொழில் புத்தி. கழற்றிச் சட்டை முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல். கை துடைத்தபடி இருக்க, வாய் விசிலை ஊதிவிட்டது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், சலவைக்கூடத்து ஆட்டக்காரன் கோல் வாசலில் சுருண்டு கிடக்கிறான். எந்நேரமும் விறைப்பாக நடப்பதால் அவனுக்குக் கஞ்சி என்று பெயர். பக்கத்தில் ரொட்டிக்கூடத்துக் கோல்கீப்பர், மாவு பிசைகிறவன். வேறென்ன நடந்திருக்கும்? பெனால்டி என்று கையைக் காட்டிவிட்டார்.

"சார், தொடவே இல்ல சார்!" என்று கீப்பர் தலையில் கை வைத்தான்.

ரொட்டிக்கூடத்து அடுப்பு மேஸ்திரி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "யோவ், இது நீ குடுத்த கண்ணாடிதானே? இதுல நல்லாப் பாத்தேன். எங்க ஆளு தொடல!"

சலவைக்கூடத்தை நடத்துகிற அம்மாளை எல்லாரும் அத்தை என்பார்கள். அவர் விடுவாரா? "இதுவும் அவர் குடுத்த கண்ணாடிதான்யா. உதைச்சதை ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"

சங்கடத்தைப் பாருங்கள். மேஸ்திரி பார்த்தது தப்பென்றால் மேஸ்திரியின் கண்ணாடி தப்பு. அத்தை பார்த்தது தப்பென்றால் அத்தையின் கண்ணாடி தப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி கடைக்குத்தான்.

மெல்ல மனைவியிடம் போனார். ஏதோ விதி பேசுகிறார்கள் என்று கூட்டம் அடங்கியது.

"நீ என்னடி பாத்தே?"

"நீங்க கண்ணாடி தொடச்சதைப் பாத்தேன்."

"மெதுவா! தெரிஞ்சா நாளைக்குக் கடைப் பக்கம் ஈ கூட வராது."

"கஞ்சி தன் பூட்ஸ் கயித்தைத் தானே மிதிச்சு விழுந்தான். நம்ம கடைக்காக அந்தக் கீப்பர் பேரு கெடணுமா?"

அவர் திரும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் பாக்கல. கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டிருந்தேன். பாத்தது என் வீட்டுக்காரி. கீப்பர் தொடல. பெனால்டி கிடையாது."

"பாக்காமலே ஊதினவன், எங்க கண்ணை எப்படிய்யா பாத்தே?" என்று கத்தியது வேறு யாருமில்லை, மேஸ்திரிதான். தீர்ப்பு தன் பக்கம் வந்ததே அவருக்கு மறந்துபோனது.

அத்தை கொடிக்காரி பக்கம் திரும்பினார். சலவைக்கு வரும் துணி மாறிப்போகாமலிருக்க, ஓரத்தில் சிவப்பு நூலால் அரிசி அளவுக்கு எண் தைப்பது அவர்கள் வழக்கம். "உன் கண்ணு மட்டும் என்ன ஒசத்தி? நின்ன இடத்துல இருந்தே சொல்லு, கஞ்சி காலுறையில என்ன எண்?"

அவள் ஓரடி நகரவில்லை. "நாப்பத்தேழு. நாலு கொஞ்சம் கோணல் அத்தை."

தைத்தது அத்தையே. குனிந்து காலுறையை விரலால் தடவிப் பார்த்தார். அதுவரை கால் முறிந்தவனாகக் கிடந்த கஞ்சி, "ஐயோ அத்தை, கூசுது!" என்று துள்ளி எழுந்து நாலு எட்டு ஓடினான். அவிழ்ந்த கயிறு பின்னாலேயே ஓடியது. சலவைக்கூடத்து ஆட்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாப்பத்தேழுதான்," என்றார் அத்தை, கஞ்சியின் காதைத் தேடிக்கொண்டே.

ஆட்டம் சமனில் முடிந்தது. திங்கட்கிழமை கடையைத் திறக்கவே அவருக்குக் கை எழவில்லை. திறந்தால் வாசலில் அத்தை, பின்னால் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் வரிசை.

"கண்ணாடியைத் திருப்பிக் குடுக்கவா வந்தீங்க அத்தை?"

"கண்ணு பாக்க வந்தோம். நீ எந்திரி. அவ உக்காரட்டும்."

எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். எழுத்துப் பலகையில் மூன்றாவது வரியிலேயே அத்தை தடுமாறினார்.

"கடைசியா எப்ப கண்ணு பாத்தீங்க?"

"அது ஆச்சு, ஆறு வருஷம்."

"பின்ன? கண்ணாடி பழசு, கண்ணு புதுசா மாறிடுச்சு."

"அப்ப அவன் உதைச்சதை நான் பாத்தேனே, அது?"

"அது ஆசை அத்தை. அதுக்குக் கண்ணாடி நம்ம கடையில இல்ல."

சிரித்தீர்களா? போதும். உங்கள் வீட்டில் யார் தப்புச் செய்தாலும் ஒத்துக்கொள்ளும் வாயும், அதைக் கேட்டுச் சிரிக்கும் மனசும் குறையாமல் இருக்கட்டும். பெரியவர் பார்வை தெளியட்டும், பிள்ளைகள் கால் ஓயாமல் ஓடட்டும். நல்லா இருங்கள், என் கண்ணுகளா.