அலை உடையாத இடம்

மயிலாப்பூரில் புத்தகம் பைண்டு செய்யும் இனாயத், சைதாப்பேட்டைக் கிணறுகளில் நீந்திப் பழகியவர். ஒரே மூச்சில் அடிமண்ணை அள்ளி வந்துவிடுவார். 1946 பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதன்முதலாகக் கடலில் நீந்திப் பார்க்கச் சாந்தோம் கரைக்கு வந்தார்.

எங்கே இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுமரம் புறப்பட்டது. இருபுறமும் அலைகள் வெள்ளையாக உடைய, நடுவே ஒரு தெரு அகலத்துக்கு நீர் வழவழவென்று கிடந்தது. மரம் அதன் வழியே ஆட்டமில்லாமல் போய், சற்று நேரத்தில் புள்ளியாகிவிட்டது. கடலை அறிந்தவர்களே போகும் இடம், அலையும் இல்லை. இனாயத் அங்கேயே இறங்கினார்.

அந்த அமைதிக்கு ஒரு காரணம் உண்டு. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்பியாக வேண்டும். மணல் பள்ளமாக இருக்கும் இடத்தில் அது சேர்ந்து, ஆறு போலக் கடலுக்குள் ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம்; அதனால் அலை அங்கே உடைவதில்லை. மரத்தைச் சுலபமாக வெளியே கொண்டுபோனது அந்த ஓட்டம்தான். இப்போது அது இனாயத்தைக் கொண்டுபோயிற்று.

திரும்பிப் பார்த்தபோது கரை எங்கோ இருந்தது. நேராக அதை நோக்கி நீந்தினார். எவ்வளவு கை வீசினாலும் கரை நெருங்கவில்லை. கைகள் கனத்தன, வாயில் உப்புநீர் புகுந்தது.

கரையில் இருந்தவள் தேசம்மா ஒருத்திதான். அந்த மரத்தில் போன லாசரின் மனைவி.

"நேரா வராத நைனா! குறுக்கால போ!"

கடற்காற்று அவள் குரலை ஊர்ப் பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று. கைகளை வீசினாள். கூப்பிடுகிறாள் என்று எண்ணி, அவர் அவளை நோக்கி இன்னும் வேகமாக முட்டினார்.

தேசம்மா கத்துவதை நிறுத்தினாள். மீன்கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையோரமாக வடக்கே நடக்கத் தொடங்கினாள்.

இருந்த ஒரு ஆளும் போகிறாளே! இனாயத் பதறி, கூடையைப் பார்த்தபடி அவள் போன பக்கமே நீந்தினார். நடுநடுவே மூச்சு வாங்க மிதந்தார். ஐம்பது கஜம் போனதும் இழுப்பு விட்டது. பின்னாலிருந்து ஓர் அலை தூக்கியது. அடுத்தது உருட்டி மணலில் போட்டது.

இருமி முடித்ததும் கோபம்தான் முதலில் வந்தது.

"இன்னாம்மா, நான் சாவக் கெடக்கேன், நீ பாட்டுக்குக் கூடயத் தூக்கிகினு போறியே!"

"நான் நின்ன எடத்துக்குத்தான நீ முட்டிகினு இருந்தே? அதான் நான் நவுந்தேன். நீயும் நவுந்தே."

"மரம் அங்கதான போச்சு?"

"மரம் வெளிய போறதுக்குப் போச்சு. நீ எங்க போவணும், மீன் புடிக்கவா? திரும்பி வரசொல்லோ மரமே அல மேல ஏறித்தான் வரும் நைனா. உக்காரு, மூச்சு அடங்கட்டும்."

இனாயத் அவள் நடந்து வந்த வழியைப் பார்த்தார். ஈர மணலில் அடிகள் நெருக்கமாக, நிதானமாகப் பதிந்திருந்தன. மூன்று இடங்களில் இரண்டு பாதங்களும் சேர்ந்து ஆழமாக அழுந்தியிருந்தன. அவர் மூச்சு வாங்கி மிதந்தபோதெல்லாம் அவள் நின்றிருக்கிறாள்.