ஆஃப் பண்ணச் சொன்ன காட்சி

1

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததால் இந்தக் கதையை எழுதுகிறேன். கேட்டவள், என் கணவரின் ஆவணப்படங்களுக்கு எடிட்டராக இருந்தவள். அவர் போன பிறகு அவரைப் பற்றியே ஒரு படம் முடித்து, முதலில் எனக்குக் காட்டினாள்.

2

தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன்: "அவர் இறந்த அன்று மழை..."

(பெய்யவில்லை. நல்ல வெயில்.)

"சமரசமே அறியாத கலைஞர்..."

(இரங்கல் கூட்டத்தில் சொன்னார்கள். ஒரு தொப்பைக்காகச் சமரசம் செய்தவர் அவர்.)

3

தொப்பையைச் சொல்லிவிடுகிறேன். யாரைப் படமெடுத்தாலும், வெளியிடுவதற்கு முன் அவர்களை எங்கள் வீட்டு எடிட்டிங் அறையில் உட்காரவைத்துக் காட்டுவார். வேண்டாம் என்றதை வெட்டிவிடுவார். காரணம் கேட்கமாட்டார்.

பேருந்து ஓட்டுநர்களைப் பற்றிய படத்தில், ஒருவர் வேலை முடிந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலிப் பேருந்தின் கடைசி சீட்டில் பாடுவார். படத்தின் உயிரே அதுதான்.

"தொப்பை தெரியுது சார், எடுத்துடுங்க" என்றார் ஓட்டுநர்.

அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார் என் கணவர்.

"போயும் போயும் ஒரு தொப்பைக்காகவா?" என்று கத்தினேன்.

"தொப்பை அவரோடது. நீ ஏன் குதிக்கிற?"

4

எடிட்டரின் படத்தில் அவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். கடைசி மாதங்கள். நான் ஆபீஸ் போயிருந்த நேரம்.

"ஊர் மூஞ்சியெல்லாம் எடுத்தேன். சம்பாதிச்சுப் போட்டவ இவ. இவ மூஞ்சி ஒரு படத்துலயும் இல்ல."

உடைந்து அழுகிறார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆஃப் பண்ணும்மா" என்கிறார்.

அவள் ஆஃப் பண்ணவில்லை. இப்போது அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சார் வழக்கப்படி கேக்கறேன். வெட்டட்டுமா?"

"அவர்தான் அப்பவே சொல்லிட்டாரே."

"சொன்னாரு. ஆனா உங்களப் பத்தி அவர் பேசினது இது ஒண்ணுதான்."

(அப்போது நான் நினைத்தது என்னவென்றால்...

வேண்டாம். இதை மட்டும் எழுதுகிறேன்: என்னிடம் நேரில் சொல்லியிருந்தால், "சரி, இப்ப எடு" என்று தலையை வாரிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன்.)

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். வெட்டினால், அவர் கேட்டபடி நடக்கும். என்னைப் பற்றிச் சொன்னது அவரோடு போய்விடும். விட்டுவைத்தால், அழுகையை மறைக்கத் திரும்பிய மனிதரை முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். குரலை மட்டும் வைத்துத் திரையைக் கறுப்பாக்கலாம். (மழுப்பல். அவருக்குப் பிடிக்காது.)

அவர் அழுததை வாசிக்கிற உங்களிடம் மட்டும் ஏன் சொன்னேன் என்கிறீர்களா? எழுத்தில் முகம் தெரியாது.

எடிட்டர் பதிலுக்குக் காத்திருக்கிறாள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்று கேட்கமாட்டேன். அவர் இடத்தில் உட்காருங்கள். திரையில் நீங்கள் அழுகிறீர்கள். பக்கத்து நாற்காலியில் நான் இருக்கிறேன், காரணம் கேட்கமாட்டேன்.

சொல்லுங்கள், வெட்டட்டுமா?