மாடி வீட்டுக்காரரின் கையெழுத்து

மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கும் என் மகள் ஹுமா அங்கே ஒரு வீடு வாங்கப்போவதாகச் சொன்னபோது, வட்டி மட்டும் கூடாது என்று கறாராகச் சொன்னவன் நான்தான். மதுரை காளவாசலில் பெயின்ட் கடை வைத்திருக்கும் இந்தச் சுலைமானின் பேச்சை அந்த ஊர் பேங்க் கேட்குமா? அவள்தான் அலைந்தாள். அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவளுக்கு, அதுவும் வட்டியில்லாமல், உதவ ஒரே ஒரு பேங்க்தான் கிடைத்தது. வீட்டை அவர்கள் வாங்குவார்கள். இவள் வாடகை கட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்காரி என்பதால் விலையில் கால்பங்கைக் கையிலிருந்து போடச் சொன்னார்கள்.

அவளிடம் இருந்ததும் என்னிடம் இருந்ததும் போக ஆறு லட்சம் இடித்தது. சென்ட்ரிங் கான்ட்ராக்டர் ஆண்டிச்சாமி, கேட்ட மறுநாளே கைமாற்றாகக் கொடுத்தார். முன்பு எட்டு வருடம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்.

பணம் போன பிறகுதான் பேங்கிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. 'இந்தப் பணம் அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு உரிமை கிடையாது' என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் பணத்துக்கு நூறு கையெழுத்துப் போடுவேன். ஆண்டிச்சாமியின் ஆறு லட்சம் கடனல்லவா? வட்டி ஹராம் என்று ஊரைக் கூட்டிவிட்டு, பொய்க் கையெழுத்தில் வீடு வாங்கவா? எல்லாரும் போடுவதுதானே என்றாள் என் மனைவி சாதிகா. அவள்மேல் எரிந்து விழுந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். ஹுமா போனில் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

புதன்கிழமை பிரைமர் வாங்கக் கடைக்கு வந்த ஆண்டிச்சாமி, என் மூஞ்சியைப் பார்த்தே விசாரித்தார். சொன்னேன். கடிதத்தைத் தமிழில் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"ரெண்டு கடுதாசியா எழுதுங்கண்ணே. ஒங்க பணத்துக்கு நீங்க, எம்பணத்துக்கு நானு."

"அப்பறம் அது கடனில்லாமப் போயிருமேப்பா."

"இல்லைன்னுதான் சொல்றேன். நெசமாவே குடுத்துட்டேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன கையேந்தி நிற்கிறேனா என்று சத்தம் போட்டேன். அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். மகளுக்கு வீடு வேண்டுமா, ரோஷம் வேண்டுமா என்று கேட்டார். பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

அவரது கடிதத்தில், கொடுப்பவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. மாமா என்று போடச் சொன்னாள் சாதிகா. ஹுமா அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனாலும் உள்ளதை எழுதினேன்: 'முன்பு எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்.'

பேங்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வியாழக்கிழமை மாலை அசர் தொழுகை முடிந்து வந்ததும், கடையிலேயே வீடியோ கால். அந்தப் பக்கம் பேங்க் அம்மா ஒருத்தியும் ஹுமாவும். வாடகைக்கு இருந்தவர் வீட்டுக்காரரின் மகளுக்கு எதற்காக இவ்வளவு பணம் சும்மா கொடுக்கிறார் என்பது கேள்வி. ஹுமா தமிழில் கேட்டாள்.

ஆண்டிச்சாமி போனைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஊரு விளாங்குடி தாண்டிக் கொஞ்ச தூரந்தேன். மதுரைக்குள்ள வீடு கேட்டு நாலு மாசம் அலைஞ்சேன், தாயி. நீங்க என்ன ஆளுகன்னு கேட்டாக. சொன்னதும் கதவச் சாத்துனாக. ஒங்க அத்தா ஒருத்தருதான் ஒண்ணுமே கேக்காமச் சாவியக் குடுத்தாரு. பக்கத்து ஊருக்காரனுக்கே அம்புட்டுப் பாடு. நீ கடல் தாண்டிப் போய் வீடு கேக்குற புள்ள. ஒனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பேன்?"

 ஹுமா மூக்கைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் இங்கிலீஷில் சொன்னாள். பேங்க் அம்மா ஏதோ எழுதிக்கொண்டாள்.

நான் ஆண்டிச்சாமியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு உபகாரம் செய்ததாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மாடி காலியாக இருந்தது, வாடகைக்கு விட்டேன். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வாங்கிவிடுவேன். இரண்டு முறை வாடகையை ஏற்றியும் இருக்கிறேன். அல்லாஹ் அந்தக் கதவுக்கு இவ்வளவு கூலி வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பேங்க் சம்மதித்துவிட்டது. ஒரு மாதம் கழித்து, சாவி கைக்கு வந்த அன்று ஹுமா போனில் சாவியைக் காட்டினாள். "ஆண்டிச்சாமி மாமாவுக்கு அப்பவே காட்டிட்டேன், அத்தா" என்றாள்.

எனக்கு முன்னால் அவருக்கு. கோபம் வரவில்லை.