உள்ளே ஆள் உண்டா?

அத்தான் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய லிப்ட் புரோகிராமைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன். "ராத்திரி பகல் பாக்காம எழுதினது. ஒவ்வொரு வரியும் என் கொழந்தை மாதிரி" என்றார். அந்தக் குழந்தைகளைப் பெற்றவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அந்த ஹாலில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். பெரியப்பா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா என் பக்கம் திரும்பி, "கேட்டியா? நீயும் அதே ஆபீஸ்லதானே குப்பை கொட்டுற. கொஞ்சம் கத்துக்கக் கூடாதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வயிறு எரிந்த எரிச்சலில் ஆறிப்போன தேநீரை இன்னொரு தடவை சூடு பண்ணியிருக்கலாம்.

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். ஆபீசில் எனக்கு மேலதிகாரி. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதைக் குடும்பத்தில் யாரும் மறக்காமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். எங்கள் கம்பெனி லிப்டுகளை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. பெட்டிக்குள் ஓடுவது புரோகிராம், தமிழில் நிரல் என்பார்கள். எங்கள் தொழிலில் இன்டர்ஃபேஸ் என்று ஒன்று உண்டு. சாதாரணமாகச் சொன்னால், பதில் சொல்லியாக வேண்டிய சில கேள்விகள். எந்த மாடியில் இருக்கிறாய்? கதவு மூடியிருக்கிறதா? எவ்வளவு எடை ஏறியிருக்கிறது? இவற்றுக்கெல்லாம் பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்கிற எந்த நிரலையும் லிப்டோடு சேர்க்கலாம். கேட்கிறவனுக்கு உள்ளே இருப்பது யார் என்று தெரிய வேண்டியதில்லை. கேள்விகளையும் நான்தான் எழுதினேன், பதில் சொல்கிற நிரலையும் நான்தான் எழுதினேன். கதவு யார் தோளையும் இடிக்காமல் மூடுவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன்.

அத்தான் செய்ததைச் சொல்கிறேன். என் நிரலை அப்படியே தூக்கி இன்னொன்றுக்குள் வைத்து மூடினார். வெளியே இருக்கிற அதுவும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒன்றும் தெரியாது. எந்த மாடி என்று கேட்டால் உள்ளே திரும்பி என் நிரலைக் கேட்கும், அது சொன்னதை வாங்கித் தான் சொன்னதாக வெளியே சொல்லும். கேள்விக்கு ஒரு வரி, அவ்வளவுதான் வேலை. இப்படி உறை போடுவதில் தப்பே கிடையாது. யோக்கியமானவர்களும் நியாயமான காரணத்துக்குச் செய்வதுதான். அத்தானின் காரணம் அந்தக் கோப்பின் முதல் வரியில் இருந்தது: எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர். என் கோப்பு 'உதவிப் பகுதிகள்' என்கிற ஃபோல்டருக்குள் போய்ச் சேர்ந்தது. தலையணை உறையில் பூப்போட்டவனுக்குப் பாராட்டு. உள்ளே இருக்கிற பஞ்சை யார் கேட்கிறார்கள்?

மனிதரும் அதே மாதிரிதான் வேலை பார்த்தார். கண்ணாடி அறையில் மீட்டிங் நடக்கும். யாராவது இக்கட்டான கேள்வி கேட்டால், "ஒரு நிமிஷம், அவசரமா ஒரு கால் பண்ணிட்டு வந்துடறேன்" என்று வெளியே வருவார். என் மேஜையில் போன் அடிக்கும். "ஏன்ம்மா, மூணாவது மாடியில மட்டும் கதவு ரெண்டு தடவை தொறக்குது?" நான் சொல்வேன். அவர் உள்ளே போய் அதையே சொல்வதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். நடுவில் நான் போடுகிற 'அதாவது' கூட மாறாமல் போகும்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். கோபமாகக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் என் தலையைத் தட்டிக் கொடுத்தார். "உள்ள இருக்கறது உன்னுது, வெளிய இருக்கறது என்னுது. ஜனங்க வெளியதானே பாக்கறாங்க? குடும்பத்துக்குள்ள என்னம்மா உன்னுது, என்னுது?" அடுத்த மாதமே அவரைத் தலைமை வடிவமைப்பாளர் ஆக்கினார்கள். அந்த விருந்தில்தான் நான் தேநீர்த் தட்டோடு நின்றது. எனக்குப் பதவி வேண்டாம். அக்கா காது கேட்க, அவர் வாயால், இதை எழுதியது நான் என்று ஒரு தடவை வரவேண்டும். அது நல்ல வழியில் கிடைக்காது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. அதனால் கெட்ட வழியில் வாங்கிக்கொள்வது என்று தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதே முடிவு செய்தேன்.

வழியைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு கட்டடக்காரர். அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளுகிறவர். அவருடைய எல்லாக் கட்டடங்களுக்கும் எங்கள் பெட்டியையே வாங்குவதாகப் பேச்சு. ஒரு நிபந்தனை போட்டார்: ஆள் இல்லாமல் கதவு மூடிக் கொஞ்ச நேரம் நின்றால் லிப்ட் தானாக உறங்க வேண்டும், விளக்கு, மோட்டார் எல்லாம் அணைந்துவிட வேண்டும். பிள்ளைகள் பொத்தானை அழுத்தி அழுத்தி எழுப்பி விளையாடுகிறார்களாம். அதனால் உறங்கிய லிப்டைக் கட்டுப்பாட்டு அறைத் திரையிலிருந்து மட்டும்தான் எழுப்ப முடிய வேண்டும். ஆக, புதிதாக ஒரு கேள்வி தேவைப்பட்டது. உள்ளே ஆள் உண்டா?

இந்த இடத்தில்தான் என் கை நின்றது. புதுக் கேள்வியை வெறுமனே சேர்த்தால், அதற்குப் பதில் எழுதாத எந்த நிரலும் ஓடாது. அத்தானின் உறை சிவப்புக் கோடு காட்டிக் கத்தும், அவர் எனக்குப் போன் பண்ணுவார், நான் ஒரு வரி சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். ஆனால் இன்னொரு வசதி இருக்கிறது. கேள்வியோடு ஒரு தயார்ப் பதிலையும் சேர்த்துக் கொடுக்கலாம். தனியாகப் பதில் எழுதாதவர்கள் அந்தத் தயார்ப் பதிலையே சொல்லிக்கொள்ளலாம். பழையது எதுவும் உடையாது, ஒருவரும் கத்தமாட்டார்கள். நான் தயார்ப் பதில் போட்டேன்: இல்லை. என் நிரலில் எடையைப் பார்த்துச் சரியான பதில் சொல்கிற வரிகளை எழுதினேன். ஒரு பூனைக்குட்டி ஏறினால்கூட அது 'உண்டு' என்று சொல்லும். ஆனால் உறை அதைக் கேட்டால்தானே? இந்தக் கேள்வியை உள்ளே அனுப்புகிற வரி உறையில் கிடையாது. அது தானாகவே 'இல்லை' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

மாற்றக் குறிப்பில், 'உறை எழுதியிருப்பவர்கள் இந்தக் கேள்வியையும் உள்ளே அனுப்பிக்கொள்ளவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். நாளைக்கு யாரும் என் மேல் விரல் நீட்டக்கூடாது பாருங்கள். அத்தான்தான் பரிசீலிக்க வேண்டியவர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பினேன்; கட்டை விரல் உயர்த்திய பொம்மை ஒன்று உடனே வந்தது. படிக்கவில்லை. என்றைக்குப் படித்தார்? முழு லிப்டோடு சேர்த்துச் சோதித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. அதையும் 'முடிந்தது' என்று குறித்துவிட்டார். லிப்டுக்குள் இருக்கிற மின்விசிறியும் அபாய மணியும் தனி ஒயரில் ஓடுகின்றன என்பதை நான் மட்டும் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நான் மச்சினிதான், கொலைகாரி இல்லை.

வாடிக்கையாளர்களை லிப்டுக்குள் கூட்டிப்போய்ச் சொற்பொழிவு செய்வது அத்தானின் வழக்கம். மேல்மாடிக்குப் போய், கதவைத் திறக்கவிடாமல் நிறுத்திவைத்து, "எவ்வளவு அமைதி பாத்தீங்களா?" என்பார். கட்டடக்காரர் பார்க்க வந்த அன்றைக்கும் அதைத்தான் செய்வார் என்று தெரியும். காலையில் எங்கள் கட்டடத்து லிப்டில் புது நிரலை ஏற்றிவிட்டு, தரைத்தளத்துக் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். லிப்டுக்குள் இருக்கிற கேமராவின் படம் திரை ஓரத்தில் தெரிந்தது. அத்தான் புதுச் சட்டையோடு ஏறினார். கட்டடக்காரர் ஏறினார், அவர் மனைவி ஏறினார். பிறகு, சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு, அக்கா ஏறினாள்.

இவள் எங்கே வந்தாள்? கட்டடக்காரர் சம்சாரத்தோடு வருகிறார் என்று தெரிந்து அத்தானும் கூட்டி வந்திருக்கிறார். என் கைக்கு எட்டும் இடத்தில் எல்லாவற்றையும் ரத்து செய்கிற பொத்தான் இருந்தது. அக்காவுக்கு இருட்டு ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டேன். நல்லது, அவளும் இருக்கட்டும். யார் காதில் விழ வேண்டுமோ அவளே நேரில் வந்துவிட்டாள். அப்போது எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

லிப்ட் மேலே போய் நின்றது. கதவு மூடியே இருந்தது. அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பேச ஆரம்பித்தார். லிப்ட் கேட்டது, உறை 'இல்லை' என்றது. படம் கறுப்பானது.

அபாய மணி அடித்தது. காவலாளி ஓடி வந்தார். "மேடம், லிப்டுக்குள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க!"

"தெரியும்ணா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க மேல போய்க் கதவுகிட்ட நில்லுங்க."

போன் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? "என்னம்மா ஆச்சு?" என்று ரகசியக் குரலில் கேட்டார். பின்னால் கட்டடக்காரரின் குரல் கேட்டது: "எவ்வளவு நேரம் ஆகும்?"

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அத்தான் என்னைக் கேட்டார்.

"ரெண்டு நிமிஷம்னு சொல்லுங்க."

"ரெண்டு நிமிஷம் சார்."

"ஏன் நின்னுச்சு?"

"ஏன்ம்மா நின்னுச்சு?"

"உள்ளே ஆள் இல்லைன்னு உங்க உறை சொல்லிடுச்சு அத்தான்."

"அதாவது... உள்ள ஆள் இல்லைன்னு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"நாலு பேர் குத்துக்கல்லு மாதிரி நிக்கறோமேய்யா!" என்றார் கட்டடக்காரர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு, இத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அத்தான், தொறக்கறது ஒரு பட்டன். நான் இப்பவே தொறக்கறேன். அதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒண்ணு சொல்லுங்க. 'இதை முழுசா எழுதினது என் மச்சினி, நான் மேல என் பேரை ஒட்டினேன்.' அவ்வளவுதான். சொல்லுங்க."

கட்டடக்காரரின் மனைவி ஏதோ முனகினார். அத்தான் தொண்டையைச் செருமினார். சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன், என் முதுகு தானாக நிமிர்ந்தது. "சிக்னல் கிடைக்கல சார்" என்றார் அவர், மிகவும் தெளிவாக.

"குடுங்க இங்க" என்று அக்காவின் குரல் கேட்டது. வளையல் சத்தத்தோடு போன் கை மாறியது. "சின்னவளே, கதவைத் தொற."

"அவரைச் சொல்லச் சொல்லு. மொதல்ல."

"என்ன சொல்லணும்? நீ எழுதினதுன்னா?" குரல் நடுங்கியது, ஆனால் அது இருட்டினால்தான். "வீட்டு பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு போன்ல உன்கிட்ட கேட்டுக் கேட்டு வர்றாரே, எனக்குக் காது இல்லையா? மொத நாள்லேர்ந்து தெரியும்டி."

"அப்போ அன்னிக்கு ஹால்ல, எல்லார் முன்னாடியும்..."

"அன்னிக்கு மட்டுமா? எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். உனக்கு மூளை இருக்கு, நாளைக்கே வேற எங்கயாவது போய் எழுதுவ. அவரை விட்டா எனக்கு என்னடி இருக்கு? அவர் தலை நிமிர்ந்தாத்தான் நான் வெளிய நடக்க முடியும்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "இங்க வேத்து மனுஷங்க இருக்காங்க. மானத்தை வாங்காத. தொற."

இத்தனை நாளும் நான் யாருக்குத் தெரிய வேண்டும் என்று செத்தேனோ, அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டே என் கையில் தட்டைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறாள். அத்தான் திருடினார், சரி. இவள் வாசலில் நின்று காவல் காத்திருக்கிறாள், அதுவும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் அதைவிடப் பெரியதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. வெறும் திருடனை மன்னித்துத் தொலைக்கலாம். அவள் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது, எனக்கு அது புரிந்தும் இருந்தது. புரிந்ததால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது.

"அக்கா" என்றேன்.

எழுப்புகிற பட்டன் திரையில் பச்சையாகக் கிடந்தது, விரல் அதன்மேல் இருந்தது. மேலே லிப்டுக்குள்ளிருந்து யாரோ உள்ளங்கையால் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் லிப்ட் கிணற்றின் வழியாக இறங்கி, என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் வந்து மோதியது. ஒரு கணம் கழித்து அதே சத்தம் போனுக்குள்ளிருந்து, சின்னதாக, இன்னொரு தடவை வந்தது. சுவர், பிறகு போன். சுவர், பிறகு போன். நான் விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அடுத்த தட்டல் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.